துளையும் முளையும்

சென்ற மார்கழியில் என் அன்னையார் மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருந்தார். வயது 72. முழங்கால் வலி உடையவர். குளியலறையில் முக்காலியில் அமர்ந்துதான் குளிப்பார். எழும்போது எதையேனும் பற்றிக்கொள்ள வேண்டும். ஆதலால் அவர் வருவதற்கு முந்திய ஞாயிறன்றே முனீர்க்காவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சென்று, துருப்பிடிக்காத எஃகில் செய்த கைப்பிடிக் கம்பி ஒன்றை வாங்கினேன். பக்கத்து வீட்டு நண்பரிடம் ட்ரில்லை இரவல் பெற்றேன். மேஸ்திரியைக் கூப்பிடுவானேன், நானே பொருத்திவிடுகிறேன் என்று பொருத்தியும் விட்டேன். பளபளவென்று இருந்தது. மனைவி பாராட்டினாள்.

நான்காம் நாள் காலை குளியலறையிலிருந்து ஓர் ஓசை கேட்டது. ஓடினேன். அன்னையார் முக்காலியின்மேல் பின்சாய்ந்து, முதுகு சுவரில் முட்டியிருக்க, கையில் அந்தக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். கம்பியின் ஒரு முனை சுவரில். மறுமுனை அவர் கையோடு வெளியே. முழங்கையில் சிராய்ப்பு.

"ஏண்டா, இது கையோட வந்துடுச்சே! எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வந்துச்சு, பொழச்சேன். நின்னப்புறம் வந்திருந்தா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் கட்டடப் பொறியியல் ஆய்வு மாணவன் என்பதை நம் சங்கத்து நண்பர்கள் அறிவார்கள். மூன்று ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட்டுக் கட்டிகளை வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, பொறியில் வைத்து நொறுக்கி, எண்களைக் குறித்துக்கொண்டிருப்பவன். அத்தகையவன் அடித்த கம்பி நான்கு நாள்கூட நிற்கவில்லை. "உங்கள் ஆய்வேட்டில் இதற்கும் ஓர் இயல் எழுதுங்கள்" என்றாள் மனைவி. ஆய்வேட்டில் எழுத முடியாது. நம் மலரில் எழுதலாம் அல்லவா? விடுதியிலும் வாடகை அறையிலும் இருக்கும் நம்மில் யார்தாம் சுவரில் ஒரு கண்ணாடியோ புத்தகத் தட்டோ மாட்டாதவர்? குளிர் நாட்களில் வெந்நீர்க் கொதிகலனும் தலைக்குமேல் தொங்குகிறது.

முதலில் இந்த முளையைப் பற்றிச் சில சொற்கள். சுவரில் துளையிட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக்குக் குழலைச் செருகி, அதனுள் திருகாணியை முடுக்குகிறோம். நம்மூர் மின்வேலைக்காரர் அக்குழலை 'ராவல் பிளக்' என்பர். முனீர்க்காக் கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டேன், கடைக்காரர் விழித்தார். விரலால் வரைந்து காட்டியதும், "கிட்டி என்று சொல்லக் கூடாதா?" என்றார். இந்தியில் கிட்டி என்றால் சரளைக் கல். இந்தப் பக்கத்துக் கடைகளில் சுவர் முளைக்கும் அதுவே பெயர். புதிதாக வந்திருக்கும் தம்பிகள் குறித்துக்கொள்க. நான் இக்கட்டுரையில் முளை என்றே சொல்கிறேன்.

நம்மூர்ப் பெயரில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. முன்பெல்லாம் சுவரை உளியால் சதுரமாகக் கொத்தி, மரக்கட்டையைச் செருகிச் சாந்து பூசி, அதில்தான் ஆணி அடிப்பர். பழைய வீடுகளில் மின்கம்பி ஓடும் சட்டங்களின் பின்னே இன்றும் அக்கட்டைகளைக் காணலாம். 1911-ஆம் ஆண்டையொட்டி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின்கருவிகள் பொருத்த வேண்டியிருந்தது. சுவரைக் கொத்திக் குலைக்கக் கூடாது என்று நிபந்தனை. அதற்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழலாக்கினார். அவர் பெயரே பொருளுக்கும் ஆகி, நம் நாவில் 'ராவல்' ஆயிற்று. 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் பிஷர் அதை நைலானில் செய்தார். பிளவுபட்ட உடலும் பல்வரிசையும் கொண்ட இன்றைய முளை அதன் வழி வந்ததே.

நிற்க. முளை எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது? பலர் திருகாணி சுவரைக் கவ்வுகிறது என்று எண்ணுகின்றனர். அன்று நானும் பாடத்தை மறந்து அவ்வாறே நடந்துகொண்டேன். திருகாணி சுவரைத் தொடுவதே இல்லை. அது முளையினுள் நுழைந்து முளையைப் பருக்கச் செய்கிறது. பருத்த முளை துளையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தால் எழும் உராய்வே பிடி. படியில்லாத குறுகிய கிணற்றில் ஒருவன் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் முட்டுக்கொடுத்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவனை எந்தக் கயிறும் தாங்கவில்லை. அவன் உதைக்கும் உதையே தாங்குகிறது. கிணறு அகலமாக இருந்தால் கால் எட்டாது. சுவர் பொலபொலவென்ற மண்ணாக இருந்தால் உதைக்க உதைக்கச் சரியும். பாசி படிந்திருந்தால் வழுக்கும். துளைக்கும் இம்மூன்று கேடுகளும் உண்டு. என் துளையில் மூன்றும் இருந்தன.

இதை நான் கண்டது குடியிருப்புப் பராமரிப்புக்கு வரும் முதிய மேஸ்திரியின் உதவியால். அன்று பிற்பகலே அவரை அழைத்து வந்தேன். கிழிந்த துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். கீழே கிடந்த முளையை எடுத்துக் கையில் உருட்டினார். அதன் பக்கத்தில் ஒரு தீக்குச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

தீக்குச்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். துளையிடும்போது ட்ரில்லை ஒரே நேராகப் பிடிக்கவில்லை, கை ஆடியது. 8 மி.மீ. அலகால் இட்ட துளை, வாய்ப்புறத்தில் அதைவிடப் பெரிதாகிவிட்டது. திருகாணியை முடுக்கியபோது முளையும் உடன் சுழன்றது. முளை சுழன்றால் அது சுவரைப் பற்றவில்லை என்பது பொருள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ நம்மூரில் எல்லோரும் செய்வதுபோல் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகி இறுக்கினேன். இறுகியது போலவும் இருந்தது. நாட்காட்டி மாட்டுவதற்குத் தீக்குச்சி போதும். மனிதர் பற்றும் கம்பிக்கு ஆகாது.

இரண்டாவது கேடு ஆழம். குளியலறைச் சுவரில் நாம் காண்பது ஓடு. ஓட்டின் கனம் 8 மி.மீ.; அதன்பின் சாந்துப் படுகை 17 மி.மீ. இருந்தது. ஆக 25 மி.மீ. வரை சுவரே இல்லை! அதற்கும் அப்பால்தான் கான்கிரீட்டு. நான் 40 மி.மீ. துளையிட்டு, 40 மி.மீ. முளையைச் செருகினேன். எனவே கான்கிரீட்டினுள் இருந்தது 15 மி.மீ. மட்டுமே. மீதி ஓட்டையும் சாந்தையும் நெருக்கிக்கொண்டிருந்தது. சாந்து பொடிந்தது. வீட்டுச் சுவர்களிலும் உட்புறப் பூச்சு வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. இருக்கும். அந்தப் பூச்சைக் கணக்கில் எடுக்கவே கூடாது. முளை முழுவதும் பூச்சுக்கு அப்பால் செல்லவேண்டும்; துளை அதைவிட ஒரு விரற்கடை அளவு ஆழமாக இருக்கவேண்டும். திருகாணியின் நீளத்தைக் கணக்கிடுவதும் அப்படியே: பொருத்தும் பொருளின் கனம், பூச்சின் கனம், முளையின் நீளம், மூன்றையும் கூட்டி, திருகாணியின் தடிப்பளவையும் சேர்க்கவேண்டும். முனை முளையின் கடைசியைத் தாண்டி நீண்டால்தான் முளை கடைசிவரை விரியும். கம்பியோடு பொட்டலத்தில் தரும் திருகாணிகள் பெரும்பாலும் குட்டையானவை. அவற்றை நம்பியது என் பிழை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வெட்கம் தருவது. "பேட்டா, துளைக்குள் இருந்த தூளை வெளியே எடுத்தாயா?" என்று கேட்டார் மேஸ்திரி. எடுக்கவில்லை. தூள் அடியில் அடைத்துக்கொண்டதால் முளை முழுதும் இறங்காமல் சிறிது துருத்திக்கொண்டு நின்றது. அந்தத் துருத்தலைக் கத்தியால் அறுத்து எறிந்தேன்! பக்கங்களில் படிந்த தூள்தான் நான் சொன்ன கிணற்றுப் பாசி. முளைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மாவு தடவியது போலாகிறது. மேஸ்திரி இதற்கு ஒரு பழைய சைக்கிள் பம்பு வைத்திருக்கிறார், அதன் குழாயைத் துளையின் அடிவரை விட்டுக் காற்றடிப்பார், பிறகு புட்டி கழுவும் சிறு தூரிகையால் தேய்ப்பார், மீண்டும் காற்றடிப்பார். வாயால் ஊதினால் தூள் அவ்வளவும் கண்ணில் விழும். அதுவும் கான்கிரீட்டுத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குப் பகை. மூக்கை மூடிக்கொள்வதும் கண்ணாடி அணிவதும் வேண்டும்.

பாரம் எத்திசையில் வருகிறது என்பது அடுத்த செய்தி. சுவரோடு ஒட்டித் தொங்கும் கண்ணாடி திருகாணியைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. அதை முளை எளிதில் தாங்கும். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் தட்டு அப்படியன்று. 25 செ.மீ. அகலத் தட்டில் 20 கிலோ புத்தகம் அடுக்கியிருப்பதாகக் கொள்வோம். அப்பாரம் சுவரிலிருந்து சராசரி 12½ செ.மீ. தள்ளி இருக்கிறது. தாங்கும் முட்டின் மேல் திருகாணிக்கும் கீழ் முனைக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை 20-ஐ 12½-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தது, அஃதாவது 12½ கிலோ. அழகுக்காக 5 செ.மீ. உயரமுள்ள சிறு முட்டை வாங்கினாலோ, அதே புத்தகங்கள் 50 கிலோ விசையோடு இழுக்கும். புத்தகம் கூடவில்லை; முட்டுத்தான் குட்டையாயிற்று. படுக்கைக்கு மேலே தட்டு மாட்டியிருக்கும் நண்பர்கள் இன்றிரவே அதன் முட்டை அளந்து பார்ப்பது நலம்.

கைப்பிடிக் கம்பியோ இவ்விரண்டிலும் கடியது. அமர்ந்திருப்பவர் எழும்போது அதைத் தம்மை நோக்கி இழுக்கிறார். வழுக்கினால் முழு உடலும் ஒரு வெட்டில் தொங்குகிறது. அமெரிக்க நாட்டு விதி, இத்தகைய கம்பி 250 பவுண்டு, ஏறத்தாழ 113 கிலோ, தாங்க வேண்டும் என்கிறது. என் அன்னையார் 55 கிலோகூட இரார். ஆயினும் அந்த விதியே சரி.

முளை பிடித்துக்கொண்டாலும் கான்கிரீட்டே பெயர்ந்து வருவதுண்டு. கான்கிரீட்டு நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரும்பிட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதி கூறும் குறைந்த தரம் எம்-20. 28 நாளில் ஒரு சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் நெருக்கம் தாங்குவது. அதே கான்கிரீட்டின் வளைவு இழுவலிமையை அவ்விதியின் வாய்பாட்டால் கணக்கிட்டால் 3-க்குச் சற்றுமேல்தான் வருகிறது. ஆகவே வலிமையான ஆணியை இழுத்தால் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டு ஒரு கூம்பு வடிவில் பிளந்து வெளிவருகிறது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரைச் சுற்றிய மண் கொத்தாக வருவதுபோல என்று கொள்க. வேர் ஆழமானால் கொத்துப் பெரிது; பிடுங்குவது கடினம். எஃகு ஆணிகளில் ஆழத்தை இருமடங்காக்கினால், கூம்பு பெயர்வதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. இரண்டு செடிகள் ஒட்டி நின்றால் இரண்டுக்கும் மண் ஒன்றே. ஆணிகளும் அப்படியே, ஆழத்தின் 3 மடங்கு இடைவெளி இருந்தால்தான் ஒவ்வொன்றும் தன் முழுவலிமையைத் தரும். சுவர் விளிம்பிலிருந்தோ ஆழத்தின் 1½ மடங்கேனும் விலகியிருக்க வேண்டும். என் கம்பியின் வட்டத் தகட்டில் மூன்று திருகாணிகள் நெருங்கி உள்ளன. மூன்று இருக்கிறதே என்று வலிமையை மூன்றால் பெருக்குவது தவறு.

எந்தச் சுவர் என்று அறிவதற்கு ஓர் எளிய வழி, துளையிலிருந்து வரும் பொடியின் நிறம். முதலில் பூச்சின் சாம்பல் பொடி வரும். பிறகு சிவந்தால் செங்கல். சாம்பலாகவே நீடித்து, அலகு முனகிக்கொண்டு மெல்ல இறங்கினால் கான்கிரீட்டு. நம் வளாகத்துப் பழைய குடியிருப்புகள் செங்கல். நான் இருக்கும் புதிய கட்டடத்தில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட்டுச் சுவர்கள். இதற்குச் சுத்தியல் அடியும் சேர்ந்த ட்ரில்லும், கார்பைடு முனை பதித்த அலகும் வேண்டும். மரத்துக்கான அலகை வைத்து அரை மணி அழுத்தி, அலகு சிவக்கச் சூடாவதை நான் ஒரு நண்பர் அறையில் கண்டிருக்கிறேன். செங்கற் சுவரில் கல்லின் நடுவே துளையிடுக; சாந்து இணைப்பில் வேண்டா. சுவிச்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மின்கம்பிக் குழாய் ஓடும்; குளியலறைக் குழாய்க்கு நேரேயும் அவ்வாறே. அந்தக் கோடுகளில் கை வைக்க வேண்டா. அலகு திடீரென்று இறங்காமல் நின்று உலோகப் பொடி மின்னினால் உள்ளே கம்பி இருக்கிறது. அதை வெல்ல முயலாமல் சற்றுத் தள்ளி வேறு துளை இடுக. தூணிலும் உத்தரத்திலும் துளையிடாமலிருப்பதே மேல். விடுதி அறையாயின் அலுவலகத்தில் அனுமதி கேட்கவேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நாம் கேட்பதில்லை என்பது வேறு.

மேஸ்திரி பழைய துளைகளைச் சாந்திட்டு அடைத்துவிட்டு, ஒரு சாண் மேலே புது இடம் குறித்தார். ஓட்டின்மேல் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கே ஒட்டி, சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியால் ஓட்டைக் கடந்தார். இல்லையேல் ஓடு விரிசல் விடும். அலகில் 95 மி.மீ. தூரத்தில் சிவப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டார். நாடா ஓட்டைத் தொட்டதும் ஆழம் நிறைந்தது. இடையிடையே அலகை வெளியே இழுத்துத் தூளை உதிர்த்தார். பம்பு, தூரிகை, மறுபடி பம்பு. 8 மி.மீ. தடிப்பும் 80 மி.மீ. நீளமும் உள்ள நைலான் முளை, சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்டத்தான் உள்ளே போயிற்று. விரலால் தள்ளியதும் போனால் துளை பெரிது என்று அறிக. திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகு. அவற்றைச் சுற்றி நீர் புகாதபடி சிலிக்கோன் பசை. இப்போது 55 மி.மீ. கான்கிரீட்டினுள் இருக்கிறது. முன்பு 15.

பிறகு நான் என் 70 கிலோவையும் சாய்த்து இழுத்தேன். பிறகு மனைவியும் சேர்ந்து இழுத்தாள். அசையவில்லை.

இவ்வாறு இழுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் போதாது. கைப்பிடியில் பாரம் சிறிது நேரமே வந்து போகிறது. கூரையில் தொங்கும் பொருளோ இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகளை எபாக்சிப் பசையால் பதித்த ஆணிகளில் தொங்கவிட்டிருந்தனர். 2006 ஜூலை 10 அன்று ஏறத்தாழ 26 டன் கான்கிரீட்டு ஒரு காரின்மேல் விழுந்து ஒரு பெண்மணி இறந்தார். சோதனையில் நன்றாகத் தாங்கிய அந்தப் பசை, ஓயாத பாரத்தின்கீழ் சிறிது சிறிதாக நெகிழ்ந்து ஆணியை விட்டுவிட்டது என விசாரணை கண்டது. ஜப்பானில் சசாகோ சுரங்கத்திலும் 2012 டிசம்பர் 2 அன்று பசையில் பதித்த ஆணிகள் பெயர்ந்து, கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் மாண்டனர். பிளாஸ்டிக்கும் இவ்வாறு நெகிழ்வதே. ஆகையால் கூரை விசிறியைப் பிளாஸ்டிக்கு முளையில் ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். அதற்குக் கூரையோடு வார்த்த கொக்கி வேண்டும். அது இல்லையெனில் கான்கிரீட்டுக்கென்றே செய்த எஃகு ஆணி. கடைக்காரர் அதை 'ஃபாஸ்னர்' என்பார். மரையை முடுக்க முடுக்க உள்ளிருக்கும் கூம்பு, உறையைப் பிளந்து விரிப்பது. வெந்நீர்க் கொதிகலனுக்கும் அதுவே: 25 லிட்டர் நீர் மட்டும் 25 கிலோ, கலனின் எடை தனி. ஆனால் ஃபாஸ்னர் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லில் முடுக்கினால் கல்லையே பிளந்துவிடும்.

அன்னையார் தை பிறக்கும் வரை தங்கியிருந்தார். முதல் இரண்டு நாள் புதுக் கம்பியைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். மூன்றாம் நாள் அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார். அதற்கடுத்த நாள் பற்றி எழுந்தார். ஊருக்குப் புறப்படும்போது, அங்கே கிணற்றடிக் குளியலறைக்கும் இதுபோல் ஒன்று வேண்டும் என்று சொல்லிச் சென்றார். அது செங்கற் சுவர். பழைய சுண்ணாம்புச் சாந்து. அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

நம் சங்கத்துக்கும் இப்போது ஒரு சுத்தியல் ட்ரில் வாங்கியிருக்கிறோம். 6, 8, 10 மி.மீ. அலகுகளும், ஒரு சைக்கிள் பம்பும், தூரிகையும் அதனுடன் பெட்டியில் உள்ளன. நூலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு ஞாயிறு தோறும் எடுத்துச் செல்லலாம். அலகின் முனை மழுங்கியிருந்தால் திருப்பித் தரும்போது தவறாமல் சொல்லுங்கள்.